ஏர்வோ 2 ஹை ஃப்ளோ கருவி: குழந்தைகள் வார்டுக்கு வாங்குமுன்

சாதாரணக் குழாயில் ஆக்சிஜன் கொடுத்தும் நெஞ்சு உள்வாங்குவது நிற்கவில்லை. வென்டிலேட்டர் போடும் அளவுக்கும் போகவில்லை. மழைக்காலத்தில் ப்ராங்கியோலைட்டிஸோடு (நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி அடைக்கும் நோய்) வரும் கைக்குழந்தைகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கும். அந்த இடைவெளிக்கான சிகிச்சைதான் ஹை ஃப்ளோ. சூடேற்றி ஈரப்படுத்திய காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து மூக்கின் வழியே வேகமாகச் செலுத்துவார்கள். மூக்கிலும் தொண்டையிலும் தேங்கி நிற்கும் பழைய காற்று அடித்துக்கொண்டு போய்விடும். சளி இறுகாது. காற்றுப் பைகள் சுருங்காதபடி கொஞ்சம் அழுத்தமும் கிடைக்கும்.

இதற்காக நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கெல் நிறுவனம் தயாரிப்பது ஏர்வோ 2. எடை 2.2 கிலோதான். உள்ளேயே காற்று ஊதும் விசிறி இருப்பதால் சுவரில் அழுத்தக் காற்று லைன் தேவையில்லை. ஆக்சிஜன் லைனோ சிலிண்டரோ இருந்தால் போதும். மாவட்டத் தலைநகரில் இருக்கும் 20 படுக்கை நர்சிங் ஹோம்கூட இதை வைத்துக்கொள்ள முடிவது இதனால்தான்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கருவி நல்லது, தைரியமாக வாங்கலாம். ஆனால் அது தன் குழாயையும் தண்ணீரையும்தான் கவனிக்கும், குழந்தையைக் கவனிக்காது. குழந்தை மூச்சை நிறுத்தினாலும் அலாரம் அடிக்காது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் தனி சாச்சுரேஷன் மானிட்டரும், மணிக்கொரு முறை மூச்சை எண்ணுகிற ஒரு சிஸ்டரும் இல்லாத வார்டில் இதை வைக்கக் கூடாது.

பொருத்துவது எளிது, ஆனால் வரிசை முக்கியம். ஸ்டாண்டில் கருவி குழந்தையின் தலைமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் குழாயில் சேரும் தண்ணீர், காற்றை ஈரப்படுத்தும் தண்ணீர்க் கிண்ணமான சேம்பருக்கே திரும்பி வடியும். மேலே வைத்தால் அந்தத் தண்ணீர் மூக்குக்குள் போகும். சேம்பரைச் சறுக்கிச் செருகி, தண்ணீர்ப் பையைக் கருவியிலிருந்து 20 சென்டிமீட்டராவது உயரத்தில் தொங்கவிட்டு, சேம்பர் குழாயின் கூர்முனையை (ஸ்பைக்) பையில் குத்தினால் தண்ணீர் தானாக இறங்கும். சேம்பருக்குள் இரண்டு மிதவைகள் உண்டு. மேல்கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஏறினால் மிதவை பழுது என்று பொருள், சேம்பரை மாற்றிவிடுங்கள். ஸ்டெரைல் தண்ணீர் மட்டும்தான் தொங்க வேண்டும். அவசரத்தில் பக்கத்தில் கிடக்கும் நார்மல் சலைனை மாட்டிவிடுவது நடக்கிற தப்பு. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு அடியில் படியும்.

குழந்தைக் கேனுலா (மூக்கில் மாட்டும் மென்குழாய்) போட்டால் மோட் பட்டனை 5 விநாடி அழுத்திப் பிடித்து ஜூனியர் மோடுக்குப் போக வேண்டும். திரையின் மூலைகளில் வண்ணப் படங்கள் வந்தால் மாறிவிட்டது. இந்த மோடில் வெப்பம் 34 டிகிரியில் நின்றுவிடும். ஓட்டம் நிமிடத்துக்கு 2 முதல் 25 லிட்டர். பெரியவர்கள் மோடில் ஓட்டம் 10 லிட்டருக்குக் கீழே இறங்காது என்பதால் 3 கிலோ குழந்தைக்கு அது ஆபத்து. ஷிஃப்ட் மாறும்போது அந்த வண்ணப் படங்களைப் பார்த்துவிட்டுப் பொறுப்பேற்பது நல்ல பழக்கம். தயார் என்ற குறி வரும்வரை குழந்தைக்கு மாட்டாதீர்கள். குளிர்ந்த காற்று அந்த வேகத்தில் மூக்கில் அடித்தால் குழந்தை வீறிட்டு அழும்; பிறகு அதன் முகத்தருகே கேனுலாவைக் கொண்டுபோகவே முடியாது.

ஓட்டக் கணக்கு: 12 கிலோ வரை, கிலோவுக்கு 2 லிட்டர். 8 கிலோ குழந்தைக்கு 16 லிட்டர். கேனுலாவில் இன்ஃபன்ட் அளவு 20 லிட்டர் வரை தாங்கும், பீடியாட்ரிக் அளவு 25 வரை. ஆனால் எடையை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். கேனுலாவில் மூக்குக்குள் நுழையும் முனையான ப்ராங், துவாரத்தில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது. சுற்றிலும் காற்று வெளியேற இடம் இருக்க வேண்டும். குழந்தைக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்பதை இந்தக் கருவி அளப்பதில்லை. இறுகப் பொருந்துகிற ப்ராங் வேலை நன்றாகச் செய்வதுபோல் தெரியும், உள்ளே அழுத்தம் எங்கே போய் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கன்னத்தில் ஒட்டும் ஸ்டிக்கர் பற்றி நம் ஊருக்கென்று ஒரு விஷயம் உண்டு. வருகிற குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இருக்கும், முகமெல்லாம் தேங்காய் எண்ணெயோ பவுடரோ இருக்கும். அதன் மேல் ஒட்டினால் அரை மணியில் உரிந்து, ப்ராங் மூக்கைவிட்டு வெளியே வந்து கண்ணோரத்தில் ஊதிக்கொண்டிருக்கும். திரையில் 16 லிட்டர் என்று அழகாகக் காட்டும், அலாரமும் வராது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் கன்னத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, முதலில் ஒரு பக்கம் ஒட்டி, ப்ராங்கை வளைவு கீழ்நோக்கி இருக்கும்படி நுழைத்து, பிறகு மறுபக்கம் ஒட்டுங்கள். பொட்டை அழிக்கும்போது பாட்டிக்கு வருத்தமாக இருக்கும். உள்ளங்காலில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்கள். மாட்டுவதற்கு முன் மூக்கில் சலைன் சொட்டு விட்டு மெதுவாகச் சளியை எடுத்துவிடுங்கள்; அடைத்த மூக்கில் எத்தனை லிட்டர் விட்டும் பலனில்லை.

அடுத்ததுதான் இந்தக் கருவியில் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டிய இடம். ஆக்சிஜன் இத்தனை சதவீதம் வேண்டும் என்று இதில் செட் செய்ய முடியாது. சுவரிலிருக்கும், ஆக்சிஜன் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் ஃப்ளோ மீட்டரைத் திருகி, திரையில் வரும் சதவீதத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். விளைவு என்னவென்றால், ஓட்டத்தைத் தொட்டால் ஆக்சிஜன் சதவீதமும் மாறிவிடும். 8 லிட்டர் ஓட்டத்தில் 40 சதவீதம் வேண்டுமானால் ஃப்ளோ மீட்டரில் சுமார் 2 லிட்டர் போகும். குழந்தைக்கு மூச்சு இன்னும் கஷ்டமாகிறது என்று ஓட்டத்தை 16-க்கு ஏற்றிவிட்டு ஃப்ளோ மீட்டரை மறந்தால், கூடுதல் காற்றெல்லாம் அறையிலிருந்து இழுபடும். ஆக்சிஜன் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். உதவி கூட்டுகிறோம் என்று நினைத்துச் செய்த காரியத்தில் சாச்சுரேஷன் விழும். திரும்பி வரும்போது நேர்மாறு: 16 லிட்டரில் 40 சதவீதம் இருந்ததை 10-க்குக் குறைத்தால் 51-க்கு ஏறும். ஒரு கை ஓட்டத்தை மாற்றினால் மறு கை ஃப்ளோ மீட்டரில் இருக்கட்டும். சிகிச்சையை நிறுத்தும்போதும் முதலில் ஆக்சிஜனை மூடிவிட்டுப் பிறகு கருவியை அணையுங்கள். அணைந்த கருவிக்குள் ஆக்சிஜன் தேங்கினால் தீ ஆபத்து.

சிலிண்டரில் ஓட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு. 16 லிட்டர் ஓட்டத்தில் 40 சதவீதத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 லிட்டர் ஆக்சிஜன் செலவாகும். 1,500 லிட்டர் பி டைப் சிலிண்டர் ஆறேகால் மணி நேரம் வரும். 7,000 லிட்டர் ஜம்போ சிலிண்டர் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். 60 சதவீதம் தேவைப்பட்டால் 8 லிட்டர், பி டைப் மூன்று மணி நேரத்தில் காலி. இரவு 10 மணிக்கு மாட்டிய சிலிண்டர் நள்ளிரவு 1 மணிக்குத் தீரும் என்பதை மாட்டும்போதே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். தண்ணீரும் அப்படித்தான், இந்த ஓட்டத்தில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போகும். வற்றிய சேம்பர் சூட்டில் கெட்டுப்போயிருக்கலாம், அதைத் திரும்ப நிரப்பி ஓட்டாமல் புதிதாக மாற்ற வேண்டும்.

பெரிய குறை, பேட்டரி இல்லாதது. கரண்ட் போனால் கத்தும், ஊதுவது நின்றுவிடும். ஜெனரேட்டர் எடுக்கும் அரை நிமிடமே 3 மாதக் குழந்தைக்கு அதிகம். உள்ளே ஹீட்டர் இருப்பதால் கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் தாங்காது. 1 கேவிஏ தனியாகக் கொடுங்கள். வார்டிலிருந்து ஐசியூவுக்கு மாற்றும் வழியில் இதை நம்ப முடியாது. அடுத்து வந்த ஏர்வோ 3-ல் பேட்டரி உண்டு.

இன்னொரு குறை, எடை கூடிய குழந்தைகள் விஷயத்தில் இருக்கிறது. 13, 14 கிலோ குழந்தைக்கு மருத்துவர் 30 லிட்டர் எழுதினால் ஜூனியர் மோடு 25-லேயே நின்றுவிடும். பெரியவர்கள் மோடுக்குப் போனால் அதற்குரிய சின்ன அளவுக் கேனுலா அந்த மூக்குக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பல நேரம் வருவதில்லை.

குழாயில் தண்ணீர் முத்துமுத்தாகச் சேர்ந்தால் ஏசி காற்று நேராகக் குழாய்மேல் அடிக்கிறதா என்று பாருங்கள். கட்டிலைத் திருப்பிப் போட்டாலே சரியாகும். குழாயைப் போர்வையால் மூடக் கூடாது. உள்ளே சூடேற்றும் கம்பி ஓடுகிறது.

மாட்டியதும் கடிகாரத்தைப் பாருங்கள். மூச்சை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காமல், முழு நிமிடமும் எண்ணுங்கள். கைக்குழந்தை சீராக மூச்சு விடாது. ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மூச்சு எண்ணிக்கையும் நாடித்துடிப்பும் ஐந்தில் ஒரு பங்காவது குறைய வேண்டும். மூச்சு 70, நாடி 175 என்று வந்த குழந்தை 56, 140 பக்கம் வந்தால் ஹை ஃப்ளோ வேலை செய்கிறது. அப்படியே நின்றால், அல்லது ஆக்சிஜன் 50 சதவீதத்தைத் தாண்டியும் சாச்சுரேஷன் 92-ல் நிற்கவில்லை என்றால், மருத்துவரை எழுப்புங்கள். காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம். 70-லிருந்து மூச்சு திடீரென 30-க்கு இறங்கி, அழுதுகொண்டிருந்த குழந்தையும் அடங்கிவிட்டதா? அது குணமில்லை, களைப்பு. அம்மா “இப்பத்தான் சிஸ்டர் தூங்குறான்” என்று நிம்மதியாகச் சொல்லும் அந்த நேரத்தில்தான் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்க்க வேண்டும்.

வயிறு உப்பினால் மூக்கு வழியாக வயிற்றுக்குள் போட்டிருக்கும் ரைல்ஸ் ட்யூபைத் திறந்து காற்றை எடுத்துவிடுங்கள். உப்பிய வயிறு மூச்சை மேலும் சிரமமாக்கும்.

இந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் உண்டா? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒரு வயதுக்குக் குறைந்த 1,472 ப்ராங்கியோலைட்டிஸ் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ஹை ஃப்ளோவில் 12 சதவீதம் பேருக்குச் சிகிச்சையைக் கூட்ட வேண்டி வந்தது, சாதாரண ஆக்சிஜனில் 23 சதவீதம். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வித்தியாசமில்லை. சாதாரண ஆக்சிஜனில் தேறாதவர்களில் 61 சதவீதம் பேர் பிறகு ஹை ஃப்ளோவுக்கு மாற்றியதும் தேறினார்கள். ஆகவே வருகிற எல்லாக் குழந்தைக்கும் உடனே மாட்ட வேண்டியதில்லை. இருக்கிற ஒரு கருவியைத் தேவைப்படுகிற குழந்தைக்கு வைத்துக்கொள்ளலாம். பணமே இல்லாத இடமென்றால் மூச்சுப்பாதைக்கு விடாமல் அழுத்தம் கொடுக்கும் பபுள் சிபேப்பை மறக்காதீர்கள். கடுமையான நிமோனியா குழந்தைகளுக்கு டாக்காவில் பாட்டில் தண்ணீரில் குழாயை அமிழ்த்திச் செய்த எளிய சிபேப், சாதாரண ஆக்சிஜனைவிட உயிரிழப்பைக் குறைத்ததை 2015-ல் காட்டினார்கள். மூக்கில் இறுக்கமாகப் பொருத்த வேண்டியிருப்பதால் மூக்குத் தண்டு புண்ணாகாமல் பார்க்கும் வேலை அதில் அதிகம்.

ஒரு குழந்தையிலிருந்து அடுத்த குழந்தைக்குப் போகும்போது கிருமி நீக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். திரையில் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் அடுத்த குழந்தைக்கு ஆகாது. காற்று வெளிவரும் வளைவைச் சோப்புத் தண்ணீரால் பஞ்சுக் குச்சி வைத்துத் தேய்த்து, சிவப்புக் குழாயை மாட்டி ஓட்டினால் 55 நிமிடத்தில் முடியும்; பிறகு பச்சை. சீசனில் அடுத்த குழந்தை வாசலில் காத்திருக்கும்போது அந்த 55 நிமிடம் நீளமாகத் தெரியும். அதனால்தான் ஒன்று வாங்குவதற்குப் பதில் இரண்டு வாங்கப் பார்க்கச் சொல்கிறோம். காற்று ஃபில்டரை 3 மாதத்துக்கொரு முறை அல்லது 1,000 மணி நேரத்தில், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். குழாய், சேம்பர், கேனுலா எல்லாம் ஒரு குழந்தைக்கு மட்டும். செலவு இங்கேதான் ஏறும். விலை பேசும்போது கருவியோடு நிறுத்தாமல் ஒரு வருஷத்துக்கான குழாய் செட், இரண்டு அளவுக் கேனுலா, ஃபில்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசுங்கள். கேனுலா தீர்ந்துபோய் மூலையில் துணி போர்த்தி நிற்கும் கருவிகள் நிறைய.

டெமோ காட்ட ஆள் வரும்போது நைட் டியூட்டி சிஸ்டர்களையும் கூப்பிடுங்கள். ஆக்சிஜனை 40 சதவீதத்தில் வைத்துவிட்டு ஓட்டத்தை 8-லிருந்து 16-க்கு ஏற்றிக் காட்டச் சொல்லி, எண் இறங்குவதை எல்லோரும் பார்க்கட்டும். கேனுலாவைக் கையில் பிடித்துக்கொண்டு அலாரம் வருகிறதா என்று கேளுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, உங்கள் யூபிஎஸ்ஸில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, அந்த எண்ணைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.