வீட்டிலேயே ‘குடல் எதிர்ப்புச் சக்தி’ டெஸ்ட்: காசு கட்டும் முன் படியுங்கள்

வயிற்று உப்புசம், நேரங்கெட்ட மோஷன், தீராத சோர்வு என்று தேடுகிறவர்களின் போனில் இந்த விளம்பரம் வந்து நிற்கிறது. வீட்டிலிருந்தபடியே குடலின் எதிர்ப்புச் சக்தியையும் ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) அளவையும் தெரிந்துகொள்ளலாமாம். பல ஆயிரம் கட்டினால் ஒரு பெட்டி வரும். விரலில் குத்த ஊசி, ரத்தம் சொட்ட ஒரு அட்டை, மலம் எடுக்கக் கரண்டி வைத்த குப்பி. சில வாரத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கலர் கலராக ரிப்போர்ட் வரும். பின்னாலேயே ‘ஆலோசகர்’ போனில் வருவார். புரோபயாட்டிக், பவுடர், மூன்று மாத டயட், அது முடிந்ததும் மறுபடி டெஸ்ட் என்று அடுக்குவார். ஒன்றும் குணமாகவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றால், ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரியைக் காட்டுவார்கள்: ‘பொதுத் தகவலுக்கு மட்டும், நோயறிதலுக்கு அல்ல.’

லேபில் மெஷின் ஓடியிருக்கலாம், எண்ணும் நிஜமாகவே அளந்த எண்ணாக இருக்கலாம். அந்த எண்ணுக்கு அவர்கள் சொல்லும் அர்த்தம்தான் பொய்.

முதலில் உணவு ஐஜிஜி டெஸ்ட். ஐஜிஜி என்பது ஆன்டிபாடியில் ஒரு வகை. நூறு, இருநூறு உணவுகளின் சாற்றைத் தட்டில் பூசி, உங்கள் ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி எதில் ஒட்டுகிறது என்று பார்க்கிறார்கள். நாம் அடிக்கடி சாப்பிடும் எதற்கும் ஐஜிஜி உண்டாவது உடலின் இயல்பு. அதனால்தான் தினம் பால் குடிப்பவருக்குப் பாலும், தினம் முட்டை சாப்பிடுபவருக்கு முட்டையும் சிவப்பில் வருகின்றன. உணவு அலர்ஜி உள்ளவர்களுக்கு அதே உணவைத் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சையில், உடல் பழகப் பழக ஐஜிஜி4 என்ற அதன் உட்பிரிவு ஏறும். ஏற்றுக்கொண்டதற்கான அடையாளத்தையே ‘ஒவ்வாமை’ என்று விற்கிறார்கள். ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் சங்கம் 2008இலும் கனடா சங்கம் 2012இலும் இந்த டெஸ்ட்டை வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிட்டன. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அது ஐஜிஇ என்ற, அலர்ஜியைத் தூண்டும் ஆன்டிபாடி சம்பந்தப்பட்டது. அதற்குத் தோல் குத்துப் பரிசோதனையும் ஐஜிஇ ரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. அவற்றையும் என்ன சாப்பிட்டார், என்ன ஆனது என்று கேட்டறிந்த பிறகே மருத்துவர் படிப்பார்.

இந்த ரிப்போர்ட்டை நம்பிக் குழந்தையின் தட்டிலிருந்து பால், முட்டை, கோதுமை, பருப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. வளர்கிற வயதில் புரதமும் கால்சியமும் போனால் எடை நிற்கும்.

அடுத்தது மலத்தில் ஐஜிஏ. உடலில் அதிகம் உற்பத்தியாகும் ஆன்டிபாடி ஐஜிஏதான், அதில் பெரும்பங்கு குடலில் சுரக்கிறது. அதனால் ‘மல ஐஜிஏ குறைவு, குடல் காவல் பலவீனம்’ என்று சொன்னால் நியாயமாகத் தோன்றும். ஆனால் மலம் தண்ணீராகப் போனால் எண் இறங்கும், இறுகினால் ஏறும். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் மாறும். எல்லோரும் ஒப்புக்கொண்ட இயல்பு எல்லையும் கிடையாது, ஒவ்வொரு லேபும் தன் கோட்டைத் தானே போட்டுக்கொள்கிறது. போதாததற்கு, சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் மூன்று நாள் கிடக்கும் குப்பிக்குள் பாக்டீரியாவின் நொதிகள் புரதத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

விரல் ரத்த அட்டையிலும் இதே தொல்லை. ஸ்பிரிட் காயும் முன் குத்தினால் ரத்த அணுக்கள் உடையும். ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிழிந்தால் திசு நீர் கலந்து அளவு நீர்க்கும். அட்டை நிழலில், படுக்கைவாட்டில், குறைந்தது மூன்று மணி நேரம் காய வேண்டும். ஈரத்தோடு உறையில் போட்டாலோ, மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இல்லாமல் அனுப்பினாலோ மாதிரி கெட்டுப்போகும். ரத்தசோகை உள்ளவரின் ரத்தம் அட்டையில் அகலமாகப் பரவுவதாலும் கணக்கு பிசகும். கெட்ட மாதிரியைத் திருப்பி அனுப்பாமல் ரிப்போர்ட் போட்டுவிடும் லேப் எந்த லேபானாலும் ஆபத்து.

‘லீக்கி கட்’, அதாவது குடல் சுவர் கசிகிறதா என்று பார்க்க, சோனுலின் என்ற புரதத்தை அளக்கும் டெஸ்ட்டும் சேர்த்து விற்கிறார்கள். பரவலாகப் பயன்படும் ஒரு சோனுலின் கிட் உண்மையில் சோனுலினைப் பிடிப்பதில்லை, வேறு புரதத்தைப் பிடிக்கிறது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குத் தனியாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்கான ஆன்டிபாடி கார்டு கொஞ்சம் வேறு கதை. கோடு விழுந்தால் அந்தக் கிருமி என்றோ ஒருநாள் வந்திருந்தது என்று பொருள். மருந்து சாப்பிட்டுக் கிருமி ஒழிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், கோடு விழும். அதைப் பார்த்து மறுபடி ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது கிருமி இருக்கிறதா என்று அறிய யூரியா மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் டெஸ்ட் வேண்டும். ஆன்டிபயாட்டிக் முடிந்து 4 வாரம், ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரை நிறுத்தி 2 வாரம் ஆகியிருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, அர்த்தமுள்ள டெஸ்ட் எவை? ரத்தத்தில் மொத்த ஐஜிஏ, ஐஜிஜி, ஐஜிஎம் என்ற மூன்று வகை ஆன்டிபாடிகள். கையிலிருந்து ரத்தம் எடுத்து, சாதாரண லேபிலேயே பார்க்கலாம். 4 வயதுக்கு மேல் ஐஜிஏ 7 மில்லிகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே இருந்து மற்ற இரண்டும் சரியாக இருந்தால்தான் ஐஜிஏ குறைபாடு என்கிறார்கள். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 70 முதல் 400 வரை இயல்பு. ஐஜிஏ 65 வந்துவிட்டது என்று பவுடர் வாங்க வேண்டியதில்லை.

கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்ற சந்தேகமா? டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்த டெஸ்ட்டை (கோதுமையின் குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கானது) மொத்த ஐஜிஏவோடு சேர்த்துப் பாருங்கள். ஐஜிஏவே குறைவாக இருப்பவருக்கு டிடிஜி-ஐஜிஏ பொய்யாக நெகட்டிவ் காட்டும். இங்கேதான் கிட் கம்பெனிக்காரர்கள் பெரிய கெடுதல் செய்கிறார்கள். ஐஜிஜி ரிப்போர்ட்டைக் காட்டிக் கோதுமையை நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள். நிறுத்தியபின் சீலியாக் டெஸ்ட் எடுத்தால் ஆன்டிபாடி இறங்கியிருக்கும், நோய் மறைந்துகொள்ளும். டெஸ்ட்டுக்கு முன் குறைந்தது 6 வாரம், தினம் ஒரு வேளைக்கு மேல் சப்பாத்தி, ரொட்டி, பரோட்டா போன்றவற்றைச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல்.

குடலில் அழற்சி இருக்கிறதா என்று அறிய மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் டெஸ்ட். 50 மைக்ரோகிராம்/கிராமுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் நிம்மதி. அதற்கு மேல் கொஞ்சம் ஏறினால் சில வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் அதை ஏற்றும். மாதிரியைக் கூடியவரை அன்றே லேபில் கொடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை ஆகியவற்றில் எது இருந்தாலும் எந்தக் கிட்டுக்கும் காத்திருக்காமல் நேரே குடல் மருத்துவரிடம் போங்கள்.

‘என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) லேப்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கீகாரம் டெஸ்ட் வாரியாகத்தான் கிடைக்கிறது. சான்றிதழ் எண்ணைக் கேட்டு வாங்கி, நீங்கள் காசு கட்டும் டெஸ்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று என்ஏபிஎல் தளத்தில் பாருங்கள். எண்ணைக் கொடுக்கத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள், விளம்பரத்தையும் விற்பனைப் பக்கத்தையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு வாசகம் மாறிவிடலாம். ‘நோயைக் கண்டுபிடிக்கும்’ என்ற வரியும், ரிப்போர்ட்டின் ‘நோயறிதலுக்கு அல்ல’ என்ற வரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதுவே உங்கள் சாட்சி. பில், பணம் கட்டிய ரசீது, ஆலோசகரின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது.