பிரதமரை இறக்குவது எங்கே கடினம்: டெல்லியிலா, பெர்லினிலா?

காகிதத்தில் பார்த்தால் இந்தியா எளிது. மக்களவை விதி 198-ன்படி 50 உறுப்பினர்கள் எழுந்து நின்றாலே நம்பிக்கையில்லாத் தீர்மானம் விவாதத்துக்கு வந்துவிடும். நிறைவேற, வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். அடுத்த பிரதமர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜெர்மனியில் அது நடக்காது. அந்நாட்டின் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 67-வது பிரிவுப்படி, மாற்றுத் தலைவரைப் பெயர் சொல்லி, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் பதவியிலிருப்பவர் போவார். தீர்மானத்துக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே 48 மணி நேரம் கழிய வேண்டும். 1972-ல் எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்ஸெலுக்குத் தேவை 249, கிடைத்தது 247. 1982-ல் பிரதமர் (சான்சலர்) ஷ்மிட்டை இறக்கி கோல் வந்தார். வென்றது அந்த ஒரு முறைதான்.

ஆனால் இந்தியாவில் கடிவாளம் வேறிடத்தில் இருக்கிறது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமான, அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே பறிபோகலாம். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்துபோக இருந்த விலக்கும் 2003-ல் எடுக்கப்பட்டது. அதனால் தனிப்பெரும்பான்மை உள்ள பிரதமரைச் சொந்தக் கட்சிக்காரர்கள் அவையில் தட்டிக்கேட்க வழியில்லை. தகுதிநீக்கத்தைத் தீர்மானிப்பவர் சபாநாயகர். அவரோ பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர்! ஜெர்மனியில் கட்சி மாறி வாக்களித்தாலும் உறுப்பினர் பதவி போகாது. அடிப்படைச் சட்டத்தின் 38-வது பிரிவு காக்கிறது.

மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் எந்த ஆட்சியையும் கவிழ்த்ததில்லை. 1990, 1997, 1999-ல் விழுந்தவை அரசே நம்பிக்கை கோரிய வாக்கெடுப்பில். மூன்றும் பிறர் ஆதரவில் நின்ற ஆட்சிகள். 1999-ல் வித்தியாசம் ஒரே வாக்கு. மாற்று அரசு அமையவில்லை, தேர்தல்தான் வந்தது. ஜெர்மன் விதி தடுக்க நினைப்பது அந்த வெற்றிடத்தைத்தான்.