40 இறாத்தல் என்று சொல்லி விற்ற வில்: திருகோணமலையில் வாங்குபவர்கள் கவனிக்க

திருகோணமலையில் ஒரு மரவேலைப் பட்டறையில் சொல்லிச் செய்வித்த வில்லைப் பற்றியது இது. பேசியது முதிரை மரம், 66 அங்குல நீளம், நாணை 28 அங்குலம் இழுக்க 40 இறாத்தல் விசை. காசு முழுவதும் முன்பே வாங்கிவிட்டார்கள். வந்ததோ 58 அங்குலம். தொங்கு தராசில் கொழுவி 26 அங்குலம் இழுத்தபோது 27 இறாத்தல்தான் காட்டியது. அதற்கு மேல் இழுக்க முடியாது. வில்லின் மேல் கையில், அதாவது கைப்பிடிக்கு மேலே உள்ள பாதியில், கைப்பிடியில் இருந்து ஒரு சாண் தள்ளி, கதவுப் பிணைச்சல் போல அந்த ஓர் இடம் மட்டும் மடிந்தது.

அதே இடத்தில் அழகுக்கு என்று கறுப்பு நைலோன் நூல் சுற்றியிருந்தது. பிரித்தால், வயிற்றுப் பக்கம், அதாவது நாணைப் பார்த்த பக்கம், குறுக்கே மயிரிழைக் கோடுகள். மேலே மரத்தூளும் சூப்பர் குளுவும் தேய்த்து வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். நார் நசிந்தால்தான் இப்படிக் கோடு விழும். பசை போட்டு அதை மீட்க முடியாது.

காரணம் அரம் போட்ட விதம். 12 மில்லிமீட்டர் தடிப்பில் 1 மில்லிமீட்டர் போனாலே அந்த இடத்து விறைப்பில் ஏறத்தாழக் கால் பங்கு போய்விடும். அதனால் விறைப்பாக நிற்கும் இடத்தில் மட்டும், வயிற்றுப் பக்கம், கண்ணாடித் துண்டால் மெல்லச் சுரண்ட வேண்டும். ஒவ்வொரு சுரண்டலுக்குப் பிறகும் அரைகுறை தூரம் 20, 30 தடவை இழுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். மரம் புது வளைவைக் காட்ட அவ்வளவு இழுப்புத் தேவை. பேசிய இறாத்தலுக்கு மேல் எந்தக் கட்டத்திலும் இழுக்கக் கூடாது. மடியும் இடத்தில் மரத்தைத் திருப்பி வைக்க வழியில்லை. மற்ற இடங்களைத் தளர்த்தித்தான் சமன் செய்யலாம், அப்போது இறாத்தல் இறங்கும். 40 குறைந்த கதை இதுதான் போல.

மரமும் சரியில்லை. முதிரை உறுதிதான், ஆனால் நார் பின்னி ஓடும். முதுகில், அதாவது நாணுக்கு எதிர்ப் பக்கம், நார்க் கோடுகள் நுனிவரை போகாமல் ஓரத்தில் வெட்டுப்பட்டு நின்றன. முறிவு தொடங்குவது அங்கேதான். ஈரமும் இருந்தது. மார்கழி மழையில் வெளியே கிடந்த கட்டை வில்லுக்கு ஆகாது. நுனிகளில் பசை பூசி வீட்டுக்குள் வைத்து, கிழமைக்கு ஒருமுறை நிறுத்து, நிறை இறங்குவது நின்ற பிறகே இழைக்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் இது சுலபம்.

வாங்குமுன் நாணைக் கழற்றச் சொல்லி, நுனிக்கு நுனி ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூலுக்கும் கைப்பிடிக்கும் இடையில் 2 அங்குலத்துக்கு மேல் இடைவெளி என்றால் மரம் ஏற்கெனவே தளர்ந்துவிட்டது. பிறகு நாண் ஏற்றி, தராசில் உங்கள் கண்முன் முழு அளவுக்கு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கீழ்க் கை சற்று விறைப்பாக இருப்பது சரிதான், அதைக் குறை என்று எடுக்காதீர்கள். அம்பில்லாமல் நாணை விட்டுக் காட்டினால் தடுத்துவிடுங்கள், நல்ல வில்லும் அதில் முறியும்.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு, "கொண்டு வாங்கோ, மற்றக் கையையும் கொஞ்சம் சுரண்டித் தாறன்" என்றார்கள். சுரண்டினால் 20 இறாத்தலும் தேறாது. நூலைப் பிரித்தபடியே வில் கிடக்கிறது, காசு வரவில்லை.