எட்டு மணி நேரத் தூக்கமா, ஐந்து நாள் படுக்கையா?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி). அதன் ஐந்தாம் பதிப்பில் (2014 விதிகள்) நான் நடத்திக்கொண்டிருந்த எங்கள் ஆட்டத்தைப் பாதியில் அதே வகையைச் சேர்ந்த சாவேஜ் வேர்ல்ட்ஸின் விதிகளுக்கு மாற்றினோம். டி அண்ட் டி-யின் மற்ற விதிகளோடு ஒத்துப்போயிருப்போம், அது காயத்தைக் கையாளும் விதத்தோடுதான் முடியவில்லை.

டி அண்ட் டி-யில் ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) 50 இருந்தாலும் 1 இருந்தாலும் வாள் வீச்சு ஒன்றுதான். பூஜ்யமானால் விழுவார்கள். அப்புறம் தன் முறை வரும்போதெல்லாம் 20 பக்கப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை வந்தால் பிழைப்பு, கீழே மூன்று முறை வந்தால் சாவு. அந்த நேரத்தில் மேசையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு மணி நேர லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) முடிந்தால் ஹிட் பாயின்ட் முழுசாகத் திரும்பிவிடும். ராத்திரி டிராகன் குதறியவர் காலையில் மலையேறுகிறார்!

லாங் ரெஸ்ட்டை ஏழு நாளாக்கும் மாற்று விதியும் புத்தகத்திலேயே உண்டு. அதில் ஒரு சிக்கல். மந்திரவாதியின் மந்திரங்களும் அதே ஓய்வில்தான் திரும்புகின்றன. வாள்வீரனுக்குக் காயம் ஆறக் காத்திருந்தால் மந்திரவாதியும் சும்மா உட்கார வேண்டும்.

சாவேஜ் வேர்ல்ட்ஸில் முக்கியக் கதாபாத்திரம் மூன்று காயம் வரை தாங்கும். ஒவ்வொன்றுக்கும் பண்பு, திறமை உருட்டல் எல்லாவற்றிலும் ஒன்று கழியும். நான்காவது விழுந்தால் ஆள் அவுட். களைப்புக்குத் தனியாக இரண்டு படி, அதைத் தாண்டினாலும் அதே கதி. அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் வைத்தியம் பார்த்தால் உடனே குணமாக வாய்ப்பு உண்டு. தவறினால் ஐந்து நாளுக்கு ஒருமுறை விகர் (உடல் உறுதி) உருட்டித்தான் ஆற வேண்டும், அந்த உருட்டலிலும் காயம் கழியும்.

எங்கள் ஆட்டத்துத் திருடிக்கு இரண்டு காயம், விகருக்கு டி6, அதாவது ஆறு பக்கப் பகடை. கூடவே வைல்ட் டை என்கிற இன்னொரு ஆறு பக்கப் பகடையும் உருளும், இரண்டில் பெரியதை எடுக்கலாம். காயமே இல்லையென்றால் 4 போதும், வாய்ப்பு 75 சதவீதம். இரண்டு காயத்தோடு 6 வேண்டும், வாய்ப்பு சுமார் 30 சதவீதம்தான். கரடுமுரடான பயணம் என்றால் இன்னும் இரண்டு கழியும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் கணவாயைக் கடப்பதா, கிராமத்தில் பதுங்குவதா என்று ஆட்டக்காரர்களே வாதாட ஆரம்பித்தார்கள். துரத்துகிறவர்களுக்கும் அதே ஐந்து நாள் கிடைக்கிறதே! நான் கதையில் எதையும் திணிக்கவே இல்லை.

ஆட்டம் நடத்துகிறவருக்கு எழுத்து வேலையும் குறைவு. சாதாரண அடியாள் ஒரே காயத்தில் விழுந்துவிடுவான், ஆளுக்கு ஆள் ஹிட் பாயின்ட் குறித்துவைக்க வேண்டியதில்லை. இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் கர்ப்ஸ் என்கிற இன்னொரு ஆட்டம் இருக்கிறது. பத்து விநாடிக்கு மேல் நீளும் சண்டையின் களைப்பைக்கூட அது சுமையோடு சேர்த்துக் கணக்கிடும். எங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ஒன்று மட்டும்: எங்கள் கூட்டத்தில் குணமாக்கும் மந்திரம் தெரிந்தவர் யாரும் இல்லை. அப்படி ஒருவர் இருந்தால் இந்த ஐந்து நாள் நெருக்கடி எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று நான் ஆடிப் பார்த்ததில்லை. ஒரே மாலையில் முடிகிற நிலவறை வேட்டைக்கு இன்னமும் டி அண்ட் டி-யைத்தான் எடுக்கிறேன், அங்கே மறுநாள் என்பதே கிடையாது.