மிகை, அளப்பு, புளுகு: எந்த இடத்தில் எந்தச் சொல்?

உள்ளதைக் கூட்டிச் சொல்வதற்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. மிகைப்படுத்தல், உயர்வு நவிற்சி, ஊதிப் பெருக்குதல், கண் காது மூக்கு வைத்தல், அளப்பு, பில்டப், சரடு, ரீல், பீலா, கப்சா, புளுகு, அண்மையில் உருட்டு. அகராதியைத் திறந்தால் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகப் போட்டிருப்பார்கள். பேச்சில் அப்படி மாற்றிப் போட முடியாது. "மிகைப்படுத்துறார்" என்று சொன்னால் ஒருவர் முகம் சுளிப்பார். அதே இடத்தில் "புளுகுறார்" என்றால் சண்டைக்கு வருவார்.

மிகையா, புளுகா?

கூட்டியதைக் கழித்துப் பாருங்கள். "கூட்டத்துக்குப் பத்தாயிரம் பேர் வந்தாங்க" என்கிறார் ஒருவர், வந்தது இரண்டாயிரம். கழித்தபின் கூட்டம் நிற்கிறது, வந்த ஆட்கள் நிற்கிறார்கள், அளவு மட்டும் இறங்குகிறது. இது மிகை. கூட்டமே நடக்கவில்லை என்றால் கழித்தபின் ஒன்றும் மிஞ்சாது. அது புளுகு. கப்சா, ரீல், சரடு எல்லாம் இந்தப் பக்கம்தான் சேரும்.

நீதிமன்றத்திலும் இந்த வேறுபாடு பெரிது. சாட்சி ஓரிடத்தில் கூட்டிச் சொன்னார் என்பதற்காகவே அவர் சொன்னது அத்தனையையும் தள்ளிவிட வேண்டியதில்லை, பதரை நீக்கி நெல்லை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. இதிலிருந்து மறுப்பு எழுதுகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. "என் மீதான புகார் மிகைப்படுத்தப்பட்டது" என்று எழுதினால், ஏதோ நடந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் "முற்றிலும் பொய்" என்று எழுதுங்கள். நாகரிகமாக இருக்கட்டுமே என்று மிகைப்படுத்தலைப் போட்டுவிட்டுப் பிறகு விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

'மிகை' தனியாக நின்றால் பழிச்சொல் அல்ல

மிகை என்றால் வேண்டியதற்கு மேல் இருப்பது, அவ்வளவுதான். போனஸை 'மிகை ஊதியம்' என்று அரசு அறிவிப்புகளில் எழுதுகிறார்கள். வாங்குகிறவர் யாரும் வருத்தப்படுவதில்லை. பிறப்பறுக்க முயல்கிறவர்க்கு உடம்பும் மிகை என்கிறது 345ஆம் குறள். அங்கே அது 'வேண்டாத சுமை'. குணம் நாடிக் குற்றமும் நாடச் சொல்லும் 504ஆம் குறளில் மிகை என்பது இரண்டில் எது கூடுதலோ அது. 'படுத்து' சேர்ந்த பிறகுதான் வேண்டுமென்றே கூட்டினார் என்ற குற்றச்சாட்டு ஏறுகிறது.

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மிகைபடக் கூறல்' ஒன்று. அதை இன்றைய மிகைப்படுத்தலோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. 'குன்றக் கூறல்' என்பதற்கு அடுத்து வைக்கப்பட்ட குற்றம் அது: முன்னது தேவையைவிடக் குறைத்துச் சொல்வது, பின்னது தேவையைவிட அதிகமாகச் சொற்களைக் கொட்டுவது. ஒரு வரியில் முடிவதைப் பத்து வரிக்கு இழுத்தால், ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தாலும், அது மிகைபடக் கூறல்தான்.

மிகையும் கண் காது மூக்கும்

மிகை எண்ணிக்கையை ஏற்றும். கண் காது மூக்கு வைப்பது இல்லாத உறுப்புகளை ஒட்டும். அண்ணன் தம்பி இரண்டு நாள் பேசவில்லை என்பது செய்தி. "ரெண்டு மாசமா பேச்சே இல்ல" என்றால் மிகை. "சொத்துத் தகராறாம், தம்பி பொண்டாட்டிதான் தூண்டிவிட்டாளாம்" என்று காரணமும் ஆளும் சேர்ந்துவிட்டால் கண் காது மூக்கு வைத்தாயிற்று. இரண்டில் இதுவே ஆபத்தானது என்போம். ஏறிய எண்ணை விசாரித்து இறக்கிவிடலாம். ஒட்டிய காரணத்தைக் கேட்டவர் மனத்திலிருந்து பிய்த்தெடுக்க முடியாது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்ற பழமொழி வாய்க்கு வாய் படிப்படியாகப் பெருகுவதைச் சொல்வது. ஒரே ஆள் ஒரே மூச்சில் ஊதியதற்கு அது பொருந்தாது.

அளப்பும் பில்டப்பும்

அளக்கிறவர் பெரும்பாலும் தன்னைப் பற்றியே அளப்பார்: தான் யாரை மடக்கினேன், எந்த அதிகாரி தனக்கு எழுந்து நின்றார் என்று. நடந்து முடிந்ததைப் பற்றிய பேச்சு அது. பில்டப் இனி வரப்போவதைப் பற்றியது. படம், மாப்பிள்ளை, புதுக் கடை, எதற்கும் கொடுக்கலாம். அளப்பு பிடிபட்டால் அளந்தவர் பேர் கெடும். பில்டப் தோற்றால், பாவம், பில்டப் கொடுக்கப்பட்ட பொருளின் பேர் கெடும்.

உயர்வு நவிற்சி யாரையும் ஏமாற்றாது

கம்பர் கோசல நாட்டில் வறுமையே இல்லாததால் வள்ளல்தன்மையும் இல்லை என்றும், பொய் பேசுவார் இல்லாததால் உண்மையும் இல்லை என்றும் பாடுகிறார். அதைக் கேட்டு யாரும் அவரைப் புளுகர் என்று சொன்னதில்லை. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் இதை அதிசய அணி என்கிறது. உலக வரம்பைக் கடக்காமலும் சான்றோர் வியக்கும்படியும் இருக்க வேண்டும் என்று எல்லையும் போடுகிறது. கூட்டிச் சொல்கிறார் என்பது கேட்பவருக்கும் தெரிந்திருந்தால் அது அணி. தெரியாமல் நம்பவைத்தால் மிகைப்படுத்தல்.

அன்றாடப் பேச்சிலும் இந்த அணி கொட்டிக் கிடக்கிறது. "நூறு தடவை சொல்லிட்டேன்", "பசி உயிர் போகுது", "ஊரே சிரிக்குது". கேட்பவர் தானாகவே கழித்துக்கொள்வதால் இவற்றில் தவறில்லை. மருத்துவரிடம் மட்டும் இது உதவாது. "உயிர் போற வலி" என்றால் அவர் எவ்வளவு கழிப்பது? எந்த இடம், எப்போது தொடங்கியது, தூக்கம் கெடுகிறதா, நடக்க முடிகிறதா என்று சொல்லுங்கள்.

யாரிடம் எதைச் சொல்வது

"அளக்காதடா", "உருட்டாத" எல்லாம் சோட்டாளிகளோடு, அதாவது ஒத்த வயதுக்காரர்களோடு, சரி. வீட்டுப் பெரியவரிடம் "கொஞ்சம் கூட்டிச் சொல்றீங்களோ, மாமா?" என்றால் மரியாதையும் கெடாது, சொல்ல வந்ததும் போய்ச் சேரும். விசாரிக்கும்போது "கூடக் குறைய இல்லாம சொல்லுங்க" என்பது இன்னும் நல்லது; எதிராளி இன்னும் வாயைத் திறக்காததால் குற்றச்சாட்டே எழாது. யாழ்ப்பாணப் பேச்சில் 'பெருப்பிச்சுச் சொல்லுறது' மிகைக்கு நேரான சொல். அங்கே 'புளுகம்' என்று காதில் விழுந்தால் பொய் என்று நினைத்துவிடாதீர்கள், அது மகிழ்ச்சி.

மேடையில் தேய்ந்துபோன ஒன்று: "என்று சொன்னால் அது மிகையாகாது." கேட்பவர் நம்பத் தயங்கும் அளவுக்குப் பெரிய உண்மையைச் சொல்லிவிட்டு, ஆதாரமும் கையில் இருக்கும்போது போட வேண்டிய தொடர் இது. "நம் தலைவர் நல்லவர் என்றால் மிகையாகாது" என்பதில் மிகைக்கே இடமில்லை. தொடரை எடுத்துவிட்டு "நல்லவர்" என்று நிறுத்தினால் போதும். எழுதும்போது 'மிகைப்படுத்திச் சொன்னார்', 'மிகைப்படுத்திக் காட்டினார்' என்று ஒற்று மிகும். 'மிகைபடக் கூறல்' என்பதில் மட்டும் 'கை'க்குப் பின் 'ப்' போடக் கூடாது.