77ஆவது எம்மி விருது விழா: நன்றியுரைக்கு 45 செக்கன்

2025 செப்டெம்பர் 14ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் பீகொக் அரங்கில் நடைபெற்ற, அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான 77ஆவது பிரைம்ரைம் எம்மி விருது விழா, யாழ்ப்பாணத்தில் இருந்து பார்ப்பவர்களுக்குத் திங்கட்கிழமை அதிகாலை 5.30 மணிக்குத் தொடங்கியது. தொகுப்பாளர் நேற் பார்கற்சி, சிறுவர் அமைப்பொன்றுக்கு 100,000 டொலர் தருவதாக அறிவித்துவிட்டு, நன்றியுரை 45 செக்கனைத் தாண்டும் ஒவ்வொரு செக்கனுக்கும் 1,000 டொலரைக் கழித்துக்கொண்டே வந்த ஏற்பாடு எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. முடிவில் அதைவிடப் பெரிய தொகை வழங்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து மேடையேறியவர்களை, குறையும் தொகையைப் பார்த்தபடி பேசவைப்பது முறையன்று. விழாவுக்கு உயிர் கொடுத்தவர், குறுந்தொடர்ப் பிரிவில் துணை நடிகருக்கான விருதை 15 வயதில் பெற்ற ஓவன் கூப்பர். நாடக வகுப்பில் சேர்ந்தபோது அமெரிக்காவுக்கு வருவேன் என்றுகூட நினைத்ததில்லை என்று அவர் சொன்னதை, தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழகும் நமது பாடசாலைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டும்.