லேப்டாப் அடாப்டர்: சிரிம் ஸ்டிக்கரா, இணைய மலிவா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் டியூஷன் வகுப்புக்குப் பழைய லேப்டாப்கள் சில வந்தன, அடாப்டர் இல்லாமல். டவுன் கடையில் சிரிம் (மலேசியாவின் தரச் சோதனை நிறுவனம்) ஸ்டிக்கரோடு விற்பது 70, 80 வெள்ளி. இணையத்தில் ஐரோப்பாவின் சிஇ முத்திரை மட்டும் அச்சிட்டு வருவது 20 வெள்ளி. நாங்கள் கடையிலேயே வாங்கினோம்.

வோல்ட், ஆம்பியர், முனை பொருத்தம் இரண்டிலும் பார்த்தே ஆக வேண்டும்.  வித்தியாசம் பிளக்கில் தெரிந்தது. கடையில் வாங்கியது மூன்று முள், உள்ளே ஃபியூஸ். இணையத்தில் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இரண்டு முள். அதைச் செருக நம் பிள்ளைகள் எர்த் துளைக்குள் பேனாவை விட்டு அழுத்துவார்கள். இதைப் பார்க்காத வீடு இங்கே உண்டா?

ஆனால் என் முடிவுக்குக் காரணம் பிளக் இல்லை, பெட்டிக்குள் இருக்கும் இடைவெளி. செத்துப்போன மலிவு அடாப்டர் ஒன்றை நண்பர் பிரித்துக் காட்டினார். சர்க்கியூட் பலகையில் 230 வோல்ட் வரும் பக்கமும் லேப்டாப்புக்குப் போகும் பக்கமும் ஓரிடத்தில் நகம் நுழையாத அளவுக்கு நெருங்கிக் கிடந்தன. தரநிலைப்படி சாதாரண பலகையில் அந்த மேற்பரப்புத் தூரம் சுமார் 5 மி.மீ. இருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்பவர்கள் அந்த இடத்தில் பலகையையே நீளவாக்கில் வெட்டிப் பிளவு விட்டிருப்பார்கள். தூசியும் ஈரமும் படிந்தால் மேற்பரப்பு வழியே கரண்டு ஊர்ந்துவிடும் என்பதால்தான் இந்தக் கெடுபிடி. அந்தக் கணக்கும் எப்போதாவது ஈரம் படியும் சாதாரண அறைக்குப் போட்டது. நம் வகுப்பிலோ செம்மண் தூசி, மழைக்கால ஈரம், போதாததற்கு எறும்பு. இடைவெளி தோற்றால் மெயின் கரண்டு லேப்டாப்பின் உலோகத்துக்கே வரலாம். தொட்டுக்கொண்டிருப்பது பத்து வயதுப் பிள்ளை.

இதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அங்கேதான் ஸ்டிக்கருக்கு மதிப்பு. ஐரோப்பாவில் இத்தகைய சாதனங்களுக்கு சிஇ முத்திரையைத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் போட்டுக்கொள்ளலாம், வெளியார் சோதனை கட்டாயமில்லை. இங்கே அடாப்டர் விற்க எரிசக்தி ஆணையத்தின் அனுமதி வேண்டும், மாதிரி சோதனையில் தேற வேண்டும்; அதற்கு அடையாளம்தான் சிரிம் ஸ்டிக்கர்.

பெட்டியில் ஐஇசி (மின்சாதனங்களுக்கு உலகத் தரநிலை வகுக்கும் அமைப்பு) 60950-1 என்றிருந்தால் பழைய தரநிலை, 62368-1 என்றிருந்தால் புதியது. கணினிச் சாதனங்களுக்கான 60950-உம், டிவி, ரேடியோவுக்கான 60065-உம் இந்தப் புதியதற்குள் வந்துவிட்டன. ஐரோப்பாவில் 2020 டிசம்பரில் பழையவை விலக்கப்பட்டன. புதியது முதலில் கேட்பது, ஆபத்தான ஆற்றல் எங்கே, ஆளுக்கும் அதற்கும் நடுவில் தடுப்பு என்ன என்று. பழைய எண் இருப்பதாலேயே பொருளை ஒதுக்க வேண்டாம், இடைவெளி விதி அதிலும் உண்டு.

சரி, ஸ்டிக்கரும் போலியாக வரலாம். நான் வாங்கியதைப் பிரித்துப் பார்க்கவில்லை, அதனால் உள்ளே எல்லாம் சரி என்று சத்தியம் செய்ய மாட்டேன். எத்தனை வருடம் உழைக்கும் என்பதும் இனிமேல்தான் தெரியும். லேப்டாப் கம்பெனியின் சொந்த அடாப்டர் பத்து இருபது வெள்ளி மட்டும் கூடுதலாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். எங்கள் பழைய மாடல்களுக்குக் கடையில் அது இல்லை.